டயோடா, புது கேபிளா?

கோலாலம்பூர் செந்தூலில் என் பழைய டீசல் ஃபோர்வீல். ஏர்கானும் விளக்கும் போட்டால் பேட்டரியில் 13.4 வோல்ட்தான். கால்சியம் பேட்டரி (தட்டுகளில் கால்சியம் கலந்தது) முழுதாக சார்ஜ் ஆக 14.4 பக்கம் வேண்டும். ஏற்ற இரண்டு வழி: டயோடு, இல்லை புது கேபிள்.

டயோடு (மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் சின்னப் பாகம்) மலிவு. ஆல்டர்னேட்டர், அதாவது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர், வோல்ட்டை அறிய வைத்திருக்கும் சென்ஸ் வயருக்கான ஃபியூஸ் இடத்தில் செருகினால் போதும், ஐந்து நிமிட வேலை. அது அரை வோல்ட்டுக்கு மேல் விழுங்கும். ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், பேட்டரி இளைத்துவிட்டதாக நம்பி அந்த அளவு கூட்டித் தள்ளும். ஏமாற்று வேலைதான்! நம்மூர் வெக்கையில் நாள் முழுக்க ஓடினால் சாதாரண பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். சென்ஸ் வயர் இல்லாத வண்டிக்கு உதவாது.

புது எர்த் கேபிளுக்கு (பேட்டரி மைனஸை எஞ்சினோடு இணைப்பது) காசும் ஒரு சனிக்கிழமையும் போகும். முதலில் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓட, விளக்கு எரிய, மீட்டரின் ஒரு முனை ஆல்டர்னேட்டர் உடம்பில், மறுமுனை பேட்டரி மைனஸில். அந்த வழியில் எவ்வளவு இழப்பு என்று தெரியும். எனக்கு 0.4 வோல்ட் காட்டியது. எர்த் கேபிளைக் கழற்றினால், உறைக்குள் செம்பு பச்சை பூத்துப் பொடிந்து கிடந்தது. எர்த் பக்க இழப்பு சென்ஸ் வயர் கண்ணில் படாது. புது எர்த் போட்டதும் 13.8.

சரி, அப்புறம்தான் டயோடைச் செருகினேன். 14.3.