டிபி-லிங்க் டெக்கோ எம்4: கேபிள் இருந்தால் கெட்டிக்காரன்

இரட்டை அலைவரிசை வைஃபை 5 மெஷ், அதாவது வீடு முழுக்க வைஃபை பரப்ப ஒன்றாக இயங்கும் சில கருவிகளின் (முனைகளின்) தொகுப்பு. 5 கிகாஹெர்ட்ஸில் 867, 2.4-ல் 300 மெகாபிட் என்பது அட்டைப்பெட்டிக் கணக்கு. கைக்கு வருவது அதில் பாதி என்றாலே நல்லது. முனைகள் தங்களுக்குள் பேசத் தனி அலைவரிசை இல்லை. போனுக்குப் போகும் அதே 5 கிகாஹெர்ட்ஸில்தான் பெரும்பாலும் பேசிக்கொள்கின்றன. ஒரு முனையைத் தாண்டினாலே வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஈதர்நெட் கேபிளால் இணைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிகாபிட் போர்ட்டுகள் உண்டு.

கேபிள் இழுக்க வழியில்லையா? இரண்டாவது முனையை சிக்னலே செத்துப்போன அறையில் வைக்காதீர்கள் (பலரும் செய்வது இதைத்தான்), பாதி வழியில் வையுங்கள். மோடமே ரவுட்டராகவும் இயங்கினால் டெக்கோவை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு வைஃபை மட்டும் தரும் முறை) மாற்றி, மோடத்தின் வைஃபையை அணையுங்கள். இல்லாவிட்டால் இரட்டை நாட் (NAT: இரண்டு ரவுட்டர்கள் அடுத்தடுத்து இணைய முகவரியை மாற்றுவது) ஏற்பட்டு ஆன்லைன் விளையாட்டுகள் தகராறு செய்யலாம்.