அடையாறு பிலாட்டீஸ் வகுப்பு: தாராளமாகச் சேரலாம்

பள்ளியில் நாள் முழுக்க நின்று பாடம் எடுப்பதால் எனக்கு இடுப்பு வலி உண்டு. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிலாட்டீஸ் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். மூச்சோடு சேர்த்து வயிறு, முதுகுத் தசைகளை வலுவாக்கும் உடற்பயிற்சிதான் பிலாட்டீஸ். ரொம்பத் திருப்தி.

முதலில் மூச்சைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இழுக்கும்போது விலா விரிய வேண்டும், விடும்போது அடிவயிறு உள்ளே போக வேண்டும். அப்புறம் 'ஹண்ட்ரட்' என்ற பயிற்சி. மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கி, நீட்டிய கைகளை மேலும் கீழும் அசைக்க வேண்டும். 5 எண்ணும் வரை மூச்சு உள்ளே, 5 எண்ணும் வரை வெளியே. இப்படி 10 சுற்று. புதியவர்கள் முழங்காலை மடக்கிக்கொள்ளலாம். என் கழுத்து இறுகியதைப் பயிற்சியாளர் உடனே கவனித்துவிட்டார். "கழுத்தால தூக்காதீங்க மேடம், வயித்தால தூக்குங்க" என்று தலைக்கு அடியில் மடித்த துண்டை வைத்தார். இந்தக் கவனிப்புக்காகவே காசு கொடுக்கலாம்.

இப்போது கடைசி பீரியடிலும் மேஜையைப் பிடிக்காமல் நிற்கிறேன். உடம்பு இளைக்க வேண்டும் என்பதற்காக மட்டும் வருவதாக இருந்தால் வேகமாக நடப்பதே மேல்.

ஸ்பிரிங் மாட்டிய பலகை முன்னும் பின்னும் நகரும் ரிஃபார்மர் கருவியும் உண்டு. அதற்குக் கட்டணம் அதிகம். தொடக்கத்துக்குக் கருவி இல்லாமல் தரையில் பாய் விரித்துச் செய்யும் வகுப்பே போதும். மாலை வகுப்பில் கூட்டம் சேர்வதால் ஒவ்வொருவரையும் திருத்த நேரம் இருப்பதில்லை, காலை வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். பாய் தடிமனாக இருக்கட்டும். மெல்லிய யோகா பாயில் உருளும்போது முதுகெலும்பு தரையில் இடிக்கும்.