14 பக்க ஒப்பந்தமும் சத்துவாச்சாரி வக்கீல் ஆபீஸும்

ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. போன மாதம் எங்களுக்கு ஆர்டர் கொடுக்கும் ஒரு பையர் 14 பக்க ஒப்பந்தம் அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டும் என்றார். வழக்கமாகக் கடைசிப் பக்கத்தில் சீல் குத்தி அனுப்பிவிடுவோம். இந்தத் தடவை பக்கத்துக்குப் பக்கம் 'டேட்டா' என்று வந்ததால் பயந்துபோய், மச்சான் சொன்ன ஒரு வக்கீல் ஆபீஸுக்கு வேலூர் போனேன். சத்துவாச்சாரியில், கோர்ட்டுக்குப் பக்கம். படித்துத் திருத்திக் கொடுக்க 3,500 ரூபாய்.

முதலில் குறை. 11 மணிக்கு வரச்சொல்லி ஒன்றரை மணி நேரம் மாடியில் உட்கார வைத்தார்கள், வேலூர் வெயிலில், சுற்றாத ஃபேனுக்குக் கீழே.

ஆனால் வக்கீலம்மா படித்த விதம் பிடித்தது. ஒப்பந்தத்தைத் திறக்கும் முன்பே, "பேட்டர்ன் வரைந்தது யாரு சார், சம்பள ஆளா, வெளி ஆளா?" என்று கேட்டார். சம்பள ஆள் என்றால் டிசைன் உரிமை பொதுவாக நமக்கு, வெளி ஆள் என்றால் எழுதி வாங்கியிருப்பது நல்லதாம். அடுத்து, "இதுவரை எத்தனை ஜோடி அடிச்சிருக்கீங்க?" நான் பெருமையாக 2,000 என்றேன். டிசைனைப் பதிவு செய்யாமல் தொழிற்சாலை முறையில் 50-க்கு மேல் அடித்தாலே அதன் மேல் பதிப்புரிமை போய்விடும் என்றார். எங்கள் லைனில் 50 என்பது டீ நேரத்துக்கு முன்னாடியே முடிகிற கணக்கு! சரி, இப்போது பதியலாமா என்றால், வெளியே காட்டாத புது டிசைனைத்தான் பதிய முடியும், 10 வருடம், அப்புறம் 5 வருடம் நீட்டிக்கலாம். நாங்கள் இன்ஸ்டாகிராமில் போட்டு லைக் வாங்கியாயிற்று. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கே புவிசார் குறியீடு இருக்கிறது, என் டிசைனுக்கு ஒரு காகிதம் இல்லை.

'பகிரும் தகவல் அனைத்தும் பையருக்கே சொந்தம்' என்ற வரியை அடித்து, இந்த ஆர்டருக்கு மட்டும், முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று மாற்றினார். காசு அதற்கே சரியாகிவிட்டது.

தொழிலாளர் விவரத்தில்தான் சறுக்கல். வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல் எல்லாம் பையருக்கு வேண்டுமாம். 2023 தனிநபர் தரவுச் சட்டத்துக்கு விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது, இப்போதைக்குக் கவலை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தையல் பெண்களின் போன் நம்பரும் வங்கிக் கணக்கும் முகம் தெரியாத ஆளுக்கு எதற்கு? நானே பேரை எடுத்துவிட்டு டோக்கன் நம்பர் மட்டும் அனுப்பினேன்.

கிளம்பும்போது டிரேட்மார்க் போடச் சொல்லி ஒரே நச்சரிப்பு. அடுத்தவன் பிராண்டுக்குத் தைக்கிறவனுக்கு எந்தப் பேருக்கு டிரேட்மார்க்?

5-க்கு 4 தருவேன். காலையில் கோர்ட் இருக்கும், மதியம் 3 மணிக்கு மேல் போங்கள்.