சாக்ஸ்பாக்ஸ் பேஸ் சிந்தசைசர் போட்: திருகோணமலையில் கட்ட நினைப்பவர்களுக்கு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சாக்ஸ்பாக்ஸ் என்பது தாழ் சுரங்களை (பேஸ்) ஒலிக்கும் ஒரு சிந்தசைசர்; அதன் போட்டை, அதாவது பாகங்களைக் கையால் ஒட்ட வேண்டிய அச்சுச் சுற்றுப்பலகையை, வாங்கலாம், கட்டலாம். கடைசியில் வருகிற சத்தம் பட்ட பாட்டுக்குப் பெறுமதியானது. ஆனால் வெறும் போட்டை மட்டும் வாங்கி, மிச்சச் சாமானை ஊரில் தேடலாம் என்று நினைத்தால் அது பாதியிலேயே அலுமாரிக்குள் போய்விடும். போட்டோடு அரிய பாகங்களின் பொதியையும் சேர்த்துத் தருகிறவரிடமே வாங்குங்கள்.

புதிதாக வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. ரோலண்ட் நிறுவனம் 1981 முதல் 1984 வரை ரிபி-303 என்றொரு சின்ன பேஸ் பெட்டியைச் செய்தது. வடிவமைத்தவர் ததாவோ கிகுமோட்டோ. சுமார் பத்தாயிரம்தான் செய்தார்கள். அப்போது விலைபோகாத அந்தப் பெட்டிக்கு இன்று யானை விலை. 1982இலேயே மும்பையில் சரண்ஜித் சிங் என்ற இசைக்கலைஞர் அதில் இராகங்களை வாசித்துப் பதிவு செய்துவிட்டார் என்பது நம் பக்கத்து ஆட்களே அதிகம் அறியாத செய்தி. அந்தச் சுற்றைப் பாகம் பாகமாகப் பிரித்தறிந்து, 2005இல் அமெரிக்கப் பொறியாளர் லிமோர் ஃபிரைட் வெளியிட்ட மறு ஆக்கம்தான் சாக்ஸ்பாக்ஸ். சுற்றுப்படம், போட் வரைவு, மென்பொருள் எல்லாம் திறந்தவை. அதனால் வேறு ஆட்களும் போட்டை அச்சடித்து விற்கிறார்கள். பெயரை எழுதும்போது 'ஓ' வரவேண்டிய இடங்களில் சுழியம் போடுவார்கள். தேடும்போது அதை மறக்க வேண்டாம்.

சாதாரண ரெசிஸ்டர், கப்பாசிட்டர், டயோட், ஐசி சொக்கெட் எல்லாம் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ஒரு காலைப்பொழுதில் வாங்கி முடிக்கலாம். ரெசிஸ்டர் 1 வீத மெட்டல் ஃபில்ம் கேளுங்கள். ஃபில்டருக்கு (சத்தத்தின் கூர்மையை வெட்டிக் குறைக்கும் பகுதி) 33 நானோ ஃபராட் மூன்றும் 18 நானோ ஃபராட் ஒன்றும் வேண்டும். இந்த நான்கும் பொலியெஸ்டர் அல்லது பொலிபுரொப்பிலீன் ஃபில்ம் வகையாக, 5 வீதத்துக்குள் இருக்க வேண்டும். மஞ்சள் நிறச் செரமிக்கைப் போட்டால் சூட்டோடு அதன் அளவு மாறும், ஃபில்டரின் குணமும் கூடவே மாறும். அந்த 18 அச்சுப்பிழை இல்லை. ஒரு படியின் கப்பாசிட்டரை ஏறத்தாழப் பாதியாக வைத்ததும் 303இன் ஃபில்டருக்குத் தனிக்குரல் வந்ததற்கு ஒரு காரணம். நான்கையும் ஒரே அளவில் போட்டு அழகுபடுத்த வேண்டாம்.

இங்கே கிடைக்காதவை மூன்று: சுருதியைத் தீர்மானிக்கும் இரட்டை டிரான்சிஸ்டர் 2எஸ்சி 1583, சதுர அலையை வடிக்கும் 2எஸ்ஏ 733, சத்த அளவைக் கட்டுப்படுத்தும் பிஏ 662. பிஏ 662 உற்பத்தி நின்று நெடுங்காலம். அதற்குப் பதில் பிஏ 6110 பாவிக்கலாம், அல்லது அதே சுற்றைச் சின்னத் துண்டுப் போட்டில் செய்து விற்பதை வாங்கலாம். 1583க்கு இப்போது பிசிஎம் 847 போன்ற இணை பொருந்திய டிரான்சிஸ்டரைத் துண்டுப் போட்டில் ஒட்டிப் பாவிக்கிறார்கள், அதில் குறையில்லை. இணையத்தில் மலிவாக வரும் '1583'களில் அச்சை அழித்து எழுதிய போலிகள் உண்டு. மல்டிமீற்றரில் இரண்டு பக்கமும் தனித்தனியாக டயோட் சோதனை செய்து, வாசிப்பு 2 மில்லிவோல்ற்றுக்கு மேல் வித்தியாசப்பட்டால் திருப்பி அனுப்புங்கள்.

இந்த இரட்டை ஏன் ஒரே உறைக்குள் இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். டிரான்சிஸ்டரின் 'பேஸ்' என்ற காலில் சுமார் 18 மில்லிவோல்ற் கூடினால் மின்னோட்டம் இரட்டிக்கும், சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அப்படியென்றால் ஓர் அரைச் சுரத்துக்கு ஒன்றரை மில்லிவோல்ற்தான். மறுபக்கம், சூடு ஒரு பாகை ஏறினால் அதே சந்தியின் வோல்ற் ஏறத்தாழ 2 மில்லி குறையும். இரண்டு தனி டிரான்சிஸ்டரைப் போட்டு, ஒன்றில் மட்டும் ஃபான் காற்றுப் பட்டு ஒரு பாகை குளிர்ந்தாலே அரைச் சுரத்துக்கு மேல் விலகிவிடும். இரட்டை கிடைக்காமல் தனித்தனியாகத்தான் போடுகிறீர்கள் என்றால், தட்டை முகங்களை எபொக்சியால் ஒட்டி, செப்புத்தகடு ஒன்றைச் சுற்றிவிடுங்கள்.

ஃபில்டரில் ஏணிப்படி போல வலமும் இடமுமாக இணை இணையாக வரும் 2எஸ்சி 536 டிரான்சிஸ்டர்களும் இப்படித்தான். வலம் இடம் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் 'தும்' என்று ஒரு தட்டல் கேட்கும். இருபது முப்பது வாங்கி, பிரெட்போட்டில் செருகி, ஃபானை நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு டயோட் சோதனை எண்ணைக் குறித்து இணை சேர்க்கவும். விரலால் பிடித்தபடி அளந்தால் உங்கள் கைச்சூட்டைத்தான் அளப்பீர்கள்.

மாற்று டிரான்சிஸ்டர் போடும்போது கால் ஒழுங்கைப் பார்க்காமல் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. 733இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க வைத்தால் இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். கடையில் தரும் பிசி 557இல் அது கலெக்டர், பேஸ், எமிட்டர். போட்டில் வரைந்த அரைவட்டத்தை நம்பி 557ஐ அப்படியே செருகினால் சதுர அலை வராது, அல்லது சீவிய மெல்லிய சத்தமாக வரும். 733இல் 'பி' (P) என்று தரம் குறித்ததையே எடுங்கள்; அதன் பெருக்கம் 200 முதல் 400 வரை. 303இன் சதுர அலை உண்மையில் சதுரமே இல்லை, சுருதிக்கேற்ப அகலம் மாறும், மூலை வளையும். அந்த வளைவை இந்த ஒரு டிரான்சிஸ்டர்தான் தருகிறது.

மின் இணைப்புக்கு 9 வோல்ற் ஏசி, 1 அம்பியர் வேண்டும். ஏசி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: கடைகளில் தொங்கும் அடாப்டர் எல்லாம் டிசி, அது இதற்கு உதவாது. ரேடியோ திருத்தும் கடையில் 230க்கு 9 வோல்ற் டிரான்ஸ்ஃபோமர் ஒன்றை எடுத்து, ஃபியூஸ் வைத்து, தனிப் பெட்டியில் மூடிவிடுவது நல்லது. சுமையில்லாமல் அளந்தால் 10, 11 காட்டும், பயப்பட வேண்டாம்.

மற்றப் பகுதிகளின் ஐசி ஒன்றையும் செருகாமல் மின் பகுதியை மட்டும் முதலில் ஒட்டி, 12, 6, 5.333, 5 வோல்ற் நான்கும் வருகிறதா என்று பாருங்கள். வராமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. மாலையில் கரண்ட் அமுங்கும் வீடுகளில் 12 வோல்ற் சரிந்து, ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல் ஏறும். அந்த நேரத்திலேயே ஒருமுறை அளந்து வையுங்கள்.

அடுத்து பெட்டியை இயக்கும் கணினிச் சில்லு, 40 கால் ஏரிமெகா 162. இதில் தொடக்க மென்பொருள் ஏற்றியிருக்க வேண்டும். வெற்றுச் சில்லை வாங்கினால் அதை ஏற்றும் கருவியான ஏவிஆர் புரோகிராமரும் வேண்டும். பட்டன்களும் விளக்குகளும் வேலை செய்த பிறகு ஒசிலேட்டர் (சுரத்தின் அலையை உண்டாக்கும் பகுதி), ஃபில்டர், சத்தப் பகுதி என்று ஒவ்வொன்றாக ஒட்டிச் சோதியுங்கள். 60/40 ஈயம், 0.8 மில்லிமீற்றர், அயன் 350 பாகைக்குள். நூற்றுக்கணக்கான ஒட்டுகள் இருக்கின்றன, ஒரே இரவில் முடிக்கும் வேலை இல்லை.

இனி நம்மூருக்கே உரிய விஷயம். உள்துறைமுகப் பக்கமோ உப்புவெளியோ, வீட்டுக்குள் வரும் காற்றில் உப்பு இருக்கிறது. ஈயத்தோடு வரும் ரோசின் பசை காய்ந்து போட்டில் கிடந்தால் அது உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வாடைக்காற்று மாதங்களில் அது மெல்ல மின்கடத்தத் தொடங்கும். சுரத்தின் வோல்ற் 100 கிலோ ஓம் வழியாகப் போகும் இடத்தில் வெறும் 10 மெகா ஓம் கசிவு இருந்தால் போதும்: ஒரு வீதம் குறையும். 3 வோல்ற்றில் அது 30 மில்லி. இந்த இடத்தில் (டிரான்சிஸ்டரின் பேஸில் அல்ல) ஒரு வோல்ற்றுக்கு ஒரு ஸ்தாயி, ஓர் அரைச் சுரம் 83 மில்லி என்பதால் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருதி இறங்கிவிடும். பகலில் சரியாக இருந்தது மழை இரவில் மட்டும் இறங்குகிறது என்றால் டிரிம்மரை (அளவைச் சரிசெய்யும் சின்னத் திருகு) திருகாதீர்கள், போட்டைக் கழுவுங்கள்.

கழுவ ஐசோபுரொபைல் அல்ககோலும் பழைய பல்துலக்கியும் போதும். ஃபாமசியில் வாங்குவது 70 வீதமானால் மிச்சம் தண்ணீர், நன்றாகக் காயவிட வேண்டும். குமிழ்களையும் பட்டன்களையும் ஒட்டுவதற்கு முன்பே இதை முடியுங்கள். அவற்றுக்குள் பசை கரைந்து போனால் பிறகு கரகரக்கும். எல்லாம் சரிவந்த பின் டிரிம்மர், சொக்கெட், ஜாக்கை நாடாவால் மூடி அக்ரிலிக் ஸ்பிறே ஒரு பூச்சு அடிக்கலாம். ஐசி சொக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். உருண்டைத் துளையுள்ளதை எடுங்கள், மலிவுத் தகட்டுக் கால்கள் நம்மூரில் கறுத்துவிடும்.

சுருதி கூட்டும் முன் இருபது நிமிடம் போட்டுவிடுங்கள், பெட்டி மூடி இருக்கட்டும். முதலில் 5.333 வோல்ற். இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் இருக்கிறது: சுரத்தின் எண்ணை வோல்ற்றாக மாற்றும் பகுதி 6 பிட் என்பதால் 64 படிகள், 5.333ஐ 64ஆல் பிரித்தால் சரியாக வோல்ற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஓர் அரைச் சுரம். அது 5.30இல் நின்றால் ஸ்தாயிக்கு 7.5 சென்ற் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ற்) குறையும். பிறகு 110, 440 ஹேர்ட்ஸ் இரண்டையும் மாறி மாறி வாசித்து, இடைவெளி சரியாக இரண்டு ஸ்தாயி ஆகும்வரை அகல டிரிம்மரைத் திருப்புங்கள். அப்போது சுருதி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டாம். இடைவெளி சரியான பிறகுதான் சுருதி டிரிம்மர். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், மூன்று நான்கு முறை சுற்றி வர வேண்டும். கைப்பேசி டியூனர் போதும், ஆனால் மைக்கில் பிடிக்காமல் வயரில் கொடுங்கள்.

ஃபில்டருக்கு: குமிழ்களில் கட்ஓஃப் (எங்கே வெட்டுவது) நடுவில், ரெசனன்ஸ் (அந்த இடத்தின் அதிர்வு) முழுவதும், என்வலப் (ஒவ்வொரு சுரத்துக்கும் வெட்டு எவ்வளவு நகர்வது) சுழியத்தில் வைத்து, அதிர்வு 500 ஹேர்ட்ஸ் அளவில் வரச் செய்யுங்கள். இந்த ஃபில்டர் தானாகக் கத்தாது. கத்தவில்லை என்று குறை தேட வேண்டாம். அந்த விளிம்பில் நின்று தவிப்பதுதான் அதன் அழகு.

ஆக்சென்ற்றை (சுரத்தை அழுத்தி ஒலிக்கச் செய்வது) அடுத்தடுத்த மூன்று சுரத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிட உயரமாக எழும், ஏனென்றால் உள்ளே ஒரு கப்பாசிட்டர் முழுதாக இறங்குமுன் அடுத்த அடி விழுகிறது. மூன்றும் ஒரே உயரம் என்றால் அந்தக் கப்பாசிட்டரின் திசை அல்லது அளவு பிழை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கும் ஸ்லைட் கேட்கும்போது நம் காதுக்குக் கர்நாடக இசையின் ஜாரு நினைவுக்கு வரும். ஆனால் இதில் வழுக்கும் நேரம் எப்போதும் ஒன்றுதான், கமகம் எதிர்பார்த்து வாங்கக் கூடாது. மோகனத்தின் ஐந்து சுரத்தை, பெட்டி திரும்பத் திரும்ப வாசிக்கும் 16 படி வரிசைக்குள் வைத்து, இரண்டு இடத்தில் ஸ்லைட் போட்டு ஓடவிட்டால் போதும், எதற்காக இவ்வளவு ஈயம் உருக்கினோம் என்று விளங்கிவிடும்.

அதைக் கேட்க 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் பெட்டி வேண்டும். திருவிழாவுக்குக் கட்டும் புனல் ஒலிபெருக்கியில் கொடுத்தால் 55 ஹேர்ட்ஸ் அடிச்சுரம் காணாமல் போய், ஃபில்டரின் கீச்சு மட்டும் கடற்கரை வரை கேட்கும்.