டோக்கியோவில் ராத்திரி பதினொன்றரை: ரயிலுக்கும் தெருவுக்கும் என் மார்க் 5-க்கு 4

போன நவம்பரில் தனியாக டோக்கியோ போய் பத்து நாள் தங்கினேன். ஹோட்டல், சாப்பாடு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ராத்திரியில் ஒரு பெண் தனியாக அந்த ஊர் ரயிலிலும் தெருவிலும் போய்வருவது எப்படி இருக்கும் என்றுதான் கிளம்புவதற்கு முன் நான் தேடினேன், தமிழில் சரியாக ஒன்றும் கிடைக்கவில்லை, அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

சென்னையில் பத்து மணிக்கு மேல் ஸ்டேஷனில் இறங்கினால் என் கை தானாகவே பையை முன்னால் இழுத்துக்கொள்ளும். வீட்டுச் சாவி கைக்குள் வந்துவிடும், அம்மாவுக்கு போன் போட்டு வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே நடப்பேன். டோக்கியோவில் மூன்றாவது நாள்தான் கவனித்தேன், பை முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று ஹிபியா லைனில், மணி பதினொன்றரை இருக்கும், எதிர் சீட்டில் ஒரு பெண் அசந்து தூங்குகிறார், பை ஜிப் திறந்தபடியே இருக்கிறது, மடியில் இருந்த போன் மெதுவாகச் சரிந்து கீழே விழுந்தது. பக்கத்தில் இருந்த ஆள் குனிந்து எடுத்து, அந்தப் பெண்ணின் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் விழிக்கவே இல்லை.

அடுத்தது கோபான், அதாவது தெருமுனைப் போலீஸ் சாவடி. வாசலில் சிவப்பு விளக்கு எரியும், தூரத்திலிருந்தே தெரியும். ஒரு நாள் மினோவா ஸ்டேஷனில் இறங்கியபோது என் போனில் சார்ஜ் சுத்தமாக இல்லை. கோபானுக்குள் போனால் யாரும் இல்லை, ஒரு மேஜை, சுவரில் ஏரியா மேப், மேஜை மேல் ஒரு டெலிபோன். எடுத்தேன், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஏதோ சொன்னேன். கொஞ்ச நேரத்தில் ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் வந்தார். என் விடுதியின் முகவரி கார்டைப் பார்த்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திருப்பம் வரைக்கும் கூட வந்து கை காட்டிவிட்டுப் போனார். எங்கிருந்து வருகிறாய், இந்த நேரத்தில் தனியாக என்ன வேலை என்றெல்லாம் ஒரு கேள்வியும் இல்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

சரி, ஒரு மார்க் ஏன் குறைத்தேன்? காலை நெரிசல் நேரத்தில் பல லைன்களில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, பிளாட்பாரத் தரையிலேயே பிங்க் நிறத்தில் எழுதியிருக்கும். 2001-லிருந்து வரிசையாக வந்தவை இவை. கூட்டத்தில் கை வைக்கிறவர்கள் தொல்லைதான் காரணம், ஜப்பானியர்களே அதற்குச் சிக்கான் என்று தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள். அங்கே எட்டு வருஷமாக வேலை பார்க்கும் என் தோழி தினமும் அந்தப் பெட்டியில்தான் ஏறுகிறாள். "முதல் வருஷம் எனக்கே நடந்துச்சுடி, கத்தணும்னு தோணுது, குரலே வரல, ஏன்னா சுத்தி யாருமே பேசல" என்றாள். டோக்கியோ போலீஸின் டிஜி போலீஸ் செயலியில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது: தட்டினால் போனே "நிறுத்துங்கள்" என்று சத்தம் போடும், அல்லது 'உதவி செய்யுங்கள்' என்ற வாசகத்தைத் திரையில் பக்கத்தில் நிற்பவரிடம் காட்டலாம். நம் தமிழ்நாடு போலீஸ் 2022-ல் கொண்டுவந்த காவல் உதவி செயலியில் சிவப்பு பட்டனை அழுத்தினால் போலீஸுக்குத் தகவல் போகும். டோக்கியோவில் போலீஸ் தெருமுனையிலேயே இருக்கிறது, ஆனால் பெண்ணுக்குப் பதிலாகக் கத்த ஒரு செயலி தேவைப்படுகிறது.

சென்னை பஸ்ஸில் ஒருமுறை நான் "கையை எடுய்யா" என்று கத்தியதும் கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார், பின்னாலிருந்து ரெண்டு அக்கா எழுந்து வந்தார்கள், அந்த ஆளை இறக்கிவிட்டுத்தான் பஸ் கிளம்பியது. பயம் எனக்கு நம் ஊரில்தான் அதிகம், ஆனால் கத்தினால் ஆள் வரும் என்ற நம்பிக்கையும் இங்கேதான் இருக்கிறது. டோக்கியோவில் அந்த நம்பிக்கை எனக்கு வரவில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: ஒரு கடை வாசலில் ரெண்டு பேர் என்னைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். புரியவில்லை, கடந்து போய்விட்டேன். தமிழில் சொல்லியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன். அந்த ஊரில் எனக்கிருந்த நிம்மதியில் பாதி, பாஷை தெரியாததால் வந்ததாகக்கூட இருக்கலாம்.

போகிறவர்களுக்கு: விடுதியின் முகவரி கார்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், போலீஸ் நம்பர் 110. ஷின்ஜுகு பக்கம் கபுகிச்சோவில் தெருவில் நின்று கூப்பிடுகிற ஆட்கள் பின்னால் எந்த பாருக்கும் போகாதீர்கள், பில்லில் தீட்டிவிடுவார்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், அதை விட்டால் காலை ஐந்து மணி வரை ரயில் கிடையாது, டாக்ஸிக்கு ரொம்பச் செலவாகும்.