கேம்பிரிட்ஜா, வீலாக்கா, ஓர்பெர்க்கா: லத்தீன் வகுப்புக்கு எந்தப் புத்தகம்?

'கனெம் கொக்வுஸ் விடெட்' என்று எழுதிக் கொடுத்தால், லத்தீன் தொடங்கி ஒரு மாதம் ஆன பிள்ளை "நாய் சமையல்காரனைப் பார்க்கிறது" என்று சொல்லும். மூன்று சொல்லுக்கும் பொருள் தெரியும், ஆனால் வாக்கியம் தலைகீழாகிவிட்டது. கனிஸ் என்றால் நாய், கனெம் என்றால் நாயை. அந்த 'எம்' நம்முடைய இரண்டாம் வேற்றுமை 'ஐ' செய்கிற வேலையைச் செய்கிறது. நாயைச் சமையல்காரன் பார்க்கிறான் என்பதுதான் சரி. யார், யாரை என்பதை ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடம் காட்டிவிடும். லத்தீனில் அதைக் காட்டுவது சொல்லின் வால்.

என் மகள் லண்டனில் ஏழாம் வகுப்பில் லத்தீன் எடுத்ததிலிருந்து நானும் அவளோடு உட்கார்ந்து படிக்கிறேன். வகுப்புப் புத்தகத்தோடு இன்னும் இரண்டு வாங்கி வைத்திருக்கிறோம். மூன்றிலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: பிள்ளையைச் சொல்லின் வாலைப் பார்க்கவைப்பது எது?

பிரிட்டிஷ் பள்ளிகளில் அதிகம் கண்ணில் படுவது கேம்பிரிட்ஜ் லத்தீன் கோர்ஸ். 1970-இல் வரத் தொடங்கியது. இத்தாலியில் இருந்த பொம்பெய் என்ற பழைய ரோமானிய நகரத்தில் கைக்கிலியுஸ் என்ற லேவாதேவிக்காரர் வீட்டுக் கதை. மனைவி மெத்தெல்லா, மகன் குவிந்துஸ், சமையல்காரன் க்ரூமியோ, வாசலில் கெர்பெருஸ் என்ற நாய். கைக்கிலியுஸ் உண்மையில் வாழ்ந்தவர். கணக்குவழக்கு எழுதிய 150-க்கும் மேற்பட்ட மெழுகுப் பலகைகள் 1875-இல் அவர் வீட்டில் கிடைத்தன. முதல் புத்தகத்தின் கடைசிப் பாடமான பன்னிரண்டாவதில், கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடிக்கிறது. அந்தப் பாடத்தை முடித்த அன்று என் மகள் நாய்க்காக அழுதாள். செத்த மொழி என்று ஊர் சொல்லும் ஒரு மொழியில், மொழிபெயர்த்துக்கொண்டே வந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை கண்கலங்குகிறது என்றால், அதைப் பெரிய சாதனை என்றே சொல்வேன்.

ஆனால் கோளாறும் அங்கேதான் இருக்கிறது. 'சமையல்காரன் சாப்பாட்டைச் சமைக்கிறான்' என்ற வாக்கியத்துக்கு வாலைப் பார்க்க வேண்டியதே இல்லை. சாப்பாடு சமையல்காரனைச் சமைக்காது! கதை ஓட்டத்திலும் பக்கத்துப் படத்திலும் பாதி விடை கிடைத்துவிடுகிறது. பிள்ளைகள் ஊகித்து ஊகித்தே போகிறார்கள், மதிப்பெண்ணும் வருகிறது. வியாபாரி, கிழவன் என்று இரண்டு மனிதர்கள் ஒரே வாக்கியத்தில் வந்து, 'வியாபாரியை' என்பது முன்னால் நிற்கும்போதுதான் குட்டு வெளிப்படும். வேற்றுமைகளும் மெதுவாகத்தான் வருகின்றன. எங்களிடம் இருக்கும் நான்காம் பதிப்பில் 'கு' பொருள் ஒன்பதாம் பாடத்தில், 'உடைய' பொருள் பதினேழாம் பாடத்தில். அதற்குள் ஊகிக்கும் பழக்கம் ஊறிவிடுகிறது.

வீலாக் இதற்கு நேர் எதிர். ஃபிரடெரிக் வீலாக் இரண்டாம் உலகப் போர் முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை மனதில் வைத்து எழுதியது, 1956-இல் வெளிவந்தது. நாற்பது அத்தியாயங்கள். பெயர்ச்சொல்லின் முதல் வாய்பாடு, அத்தனை வேற்றுமையோடும் ஒருமை பன்மையோடும், இரண்டாம் அத்தியாயத்திலேயே வந்து நிற்கும். வினைச்சொல் ஒவ்வொன்றையும் நான்கு வடிவங்களோடு மனப்பாடம் செய்யச் சொல்லும். வீண் சுமை மாதிரித் தோன்றும், இல்லை. 'சுமந்தான்' என்பது துலித். அகராதியில் அந்த எழுத்தில் தேடினால் அகப்படாது, ஃபெரோ என்ற சொல்லின் கீழ் இருக்கும். நான்கு வடிவமும் வாயில் இருந்தால்தான் அது தெரியும். பயிற்சி வாக்கியங்களில் ஒரு பகுதி கிக்கெரோ, ஹொராத்தியுஸ் போன்ற பழைய ரோமானிய எழுத்தாளர்களிடமிருந்து எடுத்தவை. கதை கிடையாது, ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பு கிடையாது. வளர்ந்தவர்களுக்குச் சரி. வாரத்தில் இரண்டு பாடவேளை மட்டும் உள்ள ஏழாம் வகுப்பில் இதை வைத்தால் இரண்டாம் பருவத்தில் பாதிப் பேர் வேறு பாடத்துக்குப் போய்விடுவார்கள் என்பது என் பயம்.

மூன்றாவது, டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதிய லிங்குவா லத்தீனா. முதல் பக்கத்திலிருந்து எல்லாமே லத்தீன், ஒரு சொல் கூட ஆங்கிலம் இல்லை. ரோம் இத்தாலியில் இருக்கிறது, இத்தாலி ஐரோப்பாவில் இருக்கிறது என்று ஆரம்பிக்கும். ஓரத்தில் சின்னப் படங்களும், ஒரே பொருள், எதிர்ப்பொருள் என்று காட்டும் குறிகளும். மூன்றாம் பாடத்தில் மார்க்குஸ் என்ற பையன் தங்கை யூலியாவை அடிக்கிறான். அடிக்கிறவனும் பிள்ளை, அடிபடுகிறவளும் பிள்ளை, அதனால் ஊகத்துக்கு இடமே இல்லை. வாலைப் பார்த்தே ஆகவேண்டும். பாட முடிவில் உள்ள முதல் பயிற்சியும் சொல்லின் வாலை விட்டுவிட்டு, அதை நிரப்பச் சொல்வதுதான். சொற்களும் பட்டியலாக இல்லாமல் திரும்பத் திரும்ப வந்தே மனதில் ஒட்டிக்கொள்கின்றன.

அப்புறம் ஏன் எல்லாப் பள்ளியிலும் இது இல்லை? இதில் மொழிபெயர்ப்பே கிடையாது, ஆனால் பள்ளித் தேர்வில் மொழிபெயர்ப்புக்குத்தான் நிறைய மதிப்பெண். லத்தீனிலேயே புரிந்துகொள்ளும் பிள்ளை அதை நல்ல ஆங்கிலத்தில் எழுதத் தனியாகப் பழகவேண்டும். ஆசிரியரும் வகுப்பில் லத்தீனைச் சரளமாகப் பேசக்கூடியவராக இருந்தால்தான் இந்தப் புத்தகம் ஜொலிக்கும்.

என் தேர்வு இதுதான். பள்ளி வகுப்புக்குக் கேம்பிரிட்ஜ், ஆனால் வேற்றுமை வாய்பாட்டை முதல் மாதமே சுவரில் ஒட்டிவிட்டு. பதினேழாம் பாடம் வரை காத்திருக்க வேண்டாம். பதினாறு வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குபவருக்கு வீலாக். சொந்தமாகப் படிக்க நினைக்கும் தமிழருக்குத் தயங்காமல் ஓர்பெர்க். ஐ, ஆல், கு, இன் என்று வால் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் பிறவிப் பழக்கம். சொல்வரிசை மாறினால் நாம் தடுமாறுவதில்லை. (வீரமாமுனிவர் எதிர்த் திசையில் வந்தவர். தமிழ் இலக்கணத்தைத் தம்மைப் போன்ற பாதிரிமாருக்கு லத்தீனில் எழுதிக் கொடுத்தார்.) மகளுக்கும் இந்த வழிதான் உதவியது. "இதைத் தமிழில் சொல்லு" என்றேன். "நாயை..." என்று ஆரம்பித்தவள் அங்கேயே நிறுத்தி, பென்சிலை எடுத்து 'எம்'முக்குக் கீழே கோடு போட்டாள். இப்போது எந்த வாக்கியம் வந்தாலும் முதலில் கோடு, அதன் பிறகுதான் மொழிபெயர்ப்பு.