பிபி இருக்கிற வீட்டுக்கு நல்லெண்ணெயா, கடலெண்ணெயா?

போன சித்திரையில் என் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் 156/96 என்று வந்தது. மாத்திரை எழுதிய டாக்டர் உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொன்னார். எந்த எண்ணெய் என்பதை எங்கள் முடிவுக்கு விட்டார். மாமியாருக்கு ஊர் ஆரணிப் பக்கம். மல்லாட்டை (நிலக்கடலை) விளைகிற ஊர் என்பதால் வீட்டில் அதுவரை கடலெண்ணெய்தான். இப்போது தாளிப்பு, குழம்பு எல்லாம் நல்லெண்ணெய்க்கு மாறி ஒரு வருடம் ஆகிறது.

தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு (கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுகிற வகை), பாமாயிலில் பாதியளவு. அதனால் இரண்டையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். மிச்சம் இருக்கிற இரண்டில் நல்லெண்ணெயில் அது 15 சதவீதத்தை ஒட்டியும், கடலெண்ணெயில் 18 சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். இந்த வித்தியாசத்துக்காக யாரும் எண்ணெயை மாற்ற வேண்டியதில்லை. கலோரியும் ஒன்றுதான், கிராமுக்கு 9.

என்னை மாற வைத்தது எண்ணெய் கெடாமல் நிற்கிற காலம். எங்கள் சமையலறை மேற்குப் பார்த்தது. கத்திரி வெயிலில் பாத்திரம்கூடத் தொட்டால் சுடும். செக்கில் ஆட்டி வாங்கிய கடலெண்ணெய் மூன்றாம் மாதமே சிக்கு வாடை அடித்தது. கொழுப்பு காற்றோடு சேர்ந்து ஆக்ஸிஜனேற்றம் அடைவதால் வருகிற வாடை அது. இதயத்துக்கு நல்லது என்று பார்த்து வாங்கிய கொழுப்பைக் கெட்ட பிறகு சாப்பிடுவதில் என்ன பயன்? நல்லெண்ணெயில் சீக்கிரம் கெடக்கூடிய லினோலெயிக் அமிலம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. கணக்குப்படி அதுதான் முதலில் கெட வேண்டும். ஆனால் எள்ளில் உள்ள செசமின், செசமோலின் என்ற லிக்னான்களும் (ஒருவகைத் தாவரப் பொருள்கள்), செசமால் என்ற பொருளும் சேர்ந்து அதைக் காக்கின்றன. மாங்காய் ஊறுகாய்க்குப் பாட்டிமார் நல்லெண்ணெயையே ஊற்றியது இதனால்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதே அலமாரியில் ஐந்து மாதம் இருந்த நல்லெண்ணெயின் மணம் மாறவில்லை.

சரி, அழுத்தம் இறங்குமா? அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை சாப்பிட்டுவந்த 50 பேர் 45 நாள் நல்லெண்ணெயை மட்டுமே சமையலுக்குப் பயன்படுத்தினார்கள். அழுத்தம் இறங்கியது, எண்ணெயை நிறுத்தியதும் மறுபடி ஏறியது. நல்ல செய்திதான், ஆனால் 50 பேர் என்பது சின்னக் கணக்கு. டெல்லியில் 300 பேரிடம் செய்து 2012-இல் அறிவித்த ஆய்விலும் இறங்கியது. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது தவிட்டெண்ணெய் கலந்த நல்லெண்ணெய், அதுவும் நாளுக்கு ஏறக்குறைய 30 கிராம். நாங்கள் ஊற்றுவது அதில் பாதி.

வீட்டுக்காரருக்கு இப்போது 132/84. இதை எண்ணெய்க் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மாத்திரை ஒரு நாளும் விட்டதில்லை, அப்பளமும் ஊறுகாயும் நின்றுவிட்டன, காலையில் கோட்டைப் பக்கம் நடக்கிறார். எது எவ்வளவு குறைத்தது என்று பிரிக்க முடியாது. எண்ணெயை நம்பி மாத்திரையை நிறுத்தும் எண்ணமும் எங்களுக்கு இல்லை.

ஒரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அழுத்தத்துக்கு உதவும் மெக்னீசியமும், நார்ச்சத்தும் எள்ளில்தான் இருக்கின்றன. ஆட்டும்போது அவை புண்ணாக்கோடு போய்விடும். அதனால் வாரம் இரண்டு நாள் வறுத்த எள்ளுப்பொடி செய்கிறேன். வழக்கமாகப் போடும் உப்பில் கால்பங்குதான் போடுவேன், இல்லையென்றால் பொடியே பிபியை ஏற்றிவிடும்.

கடலெண்ணெயை ஒரேயடியாக விடவும் இல்லை. விலை குறைவு, பொரிப்பதற்கும் தோது. "மல்லாட்டை எண்ணெ இல்லாம வடை வடையாவே இருக்காதும்மா" என்கிறார் மாமியார். அவர் சொல்வது சரி. பண்டிகைக்கு மட்டும் புதிதாக ஆட்டிய கால் லிட்டர் வாங்கி அந்த வாரமே தீர்த்துவிடுகிறேன். வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கினால் நல்லெண்ணெய்தான். முன்பு கரண்டி கரண்டியாக ஊற்றுவேன், இப்போது நாலு பேருக்கு நாலு ஸ்பூன். மாதம் ஆளுக்கு அரை லிட்டர் என்று தனித்தனி பாட்டிலில் அளந்து வைத்திருக்கிறேன். 25-ஆம் தேதி பாட்டில் காலியானால் மிச்ச நாளுக்கு ஆவியில் வேகவைத்த சமையல்.